பழைய தேவாலயத்தில் அதன் காலத்தைப் படிப்பது எப்படி?

பழைய தேவாலயத்துக்குள் நுழைந்ததும் ஆண்டு பொறித்த கல்லைத் தேடுவது பலருடைய வழக்கம். அதைக் கடைசியாகப் பாருங்கள். கட்டியவர்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை விரும்பினார்கள் என்பதைச் சுவரும் கூரையுமே முதலில் சொல்லும். சென்னையில் இதைப் பழக ஏற்ற இடம், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி ஆலயம். வாயிலில் பாதுகாப்புச் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டையை எடுத்துச் செல்லுங்கள்.

முதலில் ஜன்னல் ஓரமாக நின்று சுவரின் ஆழத்தைக் கவனியுங்கள். ஏறத்தாழ 4 அடி இருக்கும். அடுத்து அண்ணாந்து பாருங்கள். விட்டமோ உத்தரமோ தெரியாது. செங்கல்லை வளைத்துக் கட்டிய, சுமார் 2 அடி கனமுள்ள கூரை தெரியும். 1678இல் வேலை தொடங்கி 1680இல் அர்ச்சிக்கப்பட்ட இந்த ஆலயம், ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டிருந்த காலத்தில், பீரங்கிக் குண்டையும் தீயையும் தாங்க வேண்டும் என்ற எண்ணத்துடன் எழுந்தது. வழிபாட்டுக்கு இவ்வளவு கனமான கூரை தேவையில்லை, போருக்குத்தான் தேவை.

வெளியே வந்ததும் தரையைப் பாருங்கள், ஏனெனில் ஆலயத்தைச் சுற்றிலும் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். இன்று சட்டக் கல்லூரி இருக்கும் பகுதியில் ஆங்கிலேயரின் பழைய இடுகாடு இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளை மறைவிடமாகக் கொண்டதால், பிற்பாடு அவற்றை இடித்துக் கற்களை இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். ஆகவே ஒரு கல்லில் உள்ள ஆண்டை வைத்து, அது கிடக்கும் இடத்தின் வயதைச் சொல்லிவிடக் கூடாது. எழுத்து தேய்ந்திருந்தால், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது பக்கவாட்டில் அமர்ந்து படியுங்கள்; சுண்ணக்கட்டியைத் தேய்த்துப் படிக்கும் பழக்கம் கல்லுக்குக் கேடு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதே கண்ணோடு எழும்பூரில் உள்ள தூய ஆண்ட்ரூ ஆலயத்துக்குச் சென்றால் வேறொரு காலம் தெரியும். 1821இல் திறக்கப்பட்ட இந்த ஸ்காட்லாந்து திருச்சபைக் கோயில், கோட்டை மதிலின் காவலைத் தேடாமல் வெளியே நிமிர்ந்து நிற்கிறது. வட்டமான உள்மண்டபம், அதன் மேல் குவிமாடம், முகப்பில் வரிசைத் தூண்கள் என எல்லாமே ஆட்சி உறுதிப்பட்டவர்களின் கட்டடக்கலை. இளகிய மண்ணில் இவ்வளவு எடையை நிறுத்த, கிணறுகளை இறக்கி அடித்தளம் அமைத்த வேலைப்பாட்டை எண்ணினால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பாணியை மட்டும் நம்பினால் சாந்தோமில் ஏமாறுவோம். கூர்முனை வளைவுகளையும் உயர்ந்த கோபுரத்தையும் கண்டு இடைக்காலக் கட்டடம் என்று நினைக்கத் தோன்றும். போர்த்துகீசியர் அங்கே கட்டியது 16ஆம் நூற்றாண்டில்தான் என்றாலும், இன்று நாம் காணும் பேராலயம் 1896இல் முடிந்த புதிய கோதிக் பாணிக் கட்டடம், அதாவது இடைக்கால ஐரோப்பியப் பாணியைப் பிற்காலத்தில் பின்பற்றிக் கட்டியது. அந்தப் பாணி, பழைமையை விரும்பிய 19ஆம் நூற்றாண்டின் அடையாளம்.

இதனால் குறிப்பேட்டில் ஓர் ஆலயத்துக்கு ஒரே ஆண்டை எழுதாமல், தலம் தோன்றியது, இப்போதுள்ள கட்டடம் எழுந்தது, பின்னர் சேர்த்தது என்று தனித்தனியே எழுதுங்கள். தூய மேரி ஆலயத்தின் கோபுரத்தையும் அதன் உடலோடு சேர்த்து 1680 என்று குறித்துவிட வேண்டாம். இப்போதைய கூர்நுனி 1795ஐச் சேர்ந்தது.