கனி தரும் ஊழியம்: சபையின் முன்னுரிமைகளை எப்படித் தீர்மானிப்பது?

மெதடிஸ்ட் சபைகளில் போதகர்கள் இடமாற்றமாகிக்கொண்டே இருப்பார்கள். முன்னுரிமைகள் போதகரின் மனதில் மட்டும் இருந்தால், அவர் புறப்படும்போது அவையும் புறப்பட்டுவிடும். ஆகவே சபைக் குழுவே கூடிப் பேசி, முடிவுகளைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். இரண்டு மணி நேர அமர்வுகள் இரண்டு போதும். நடுவே இரண்டு வாரம் ஜெபிக்கவும் யோசிக்கவும் விடுங்கள்.

படி 1: நடப்பதை எழுதுங்கள்

கடந்த 12 மாதங்களில் நடந்த ஊழியங்கள் அனைத்தையும் ஒரு பெரிய தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு விவரங்கள் வேண்டும்: நடத்துபவர், மாதத்துக்கு எத்தனை மணி நேரம், செலவு, யார் வாழ்வில் என்ன மாறியது. நான்காவது விவரத்துக்கான இடத்தில் வருகை எண்ணிக்கையை நிரப்பிவிட்டுத் திருப்தி அடைவதுதான் வழக்கமான தவறு. ஒரே பெயர் ஐந்து இடங்களில் வந்தால் வட்டமிடுங்கள். அவர் களைத்து ஒதுங்கும் நாளில் ஐந்தும் நின்றுபோகும்.

படி 2: வெஸ்லியின் அளவுகோலை வையுங்கள்

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பக்திச் செயல்களையும் இரக்கச் செயல்களையும் சேர்த்தே வலியுறுத்தினார். ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து போன்றவற்றுக்கு 'ப' என்றும், நோயாளிகளைச் சந்திப்பது, ஏழைகளுக்கு உதவுவது போன்றவற்றுக்கு 'இ' என்றும் குறியிடுங்கள். ஒரு பக்கம் காலியாகத் தெரிந்தால் முதல் முன்னுரிமை அங்கேதான்.

படி 3: மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

"வாலிபரை வளர்ப்போம்" என்பது ஆசை. "பள்ளி முடித்த 8 பேருக்கு வாரம் ஒரு வேதபாடக் குழு, ஜூன் முதல், பொறுப்பாளர்கள் இருவர்" என்பதுதான் முன்னுரிமை. ஆள், நாள், அளவு ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆண்டு அதே வாக்கியத்தை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

இதுபோன்ற சிறு குழுவுக்கு 12 பேர் வரை நல்ல அளவு. 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் சபைக் கடனை அடைக்க வாரம் ஒரு பென்னி திரட்டுவதற்காக ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் எனப் பொறுப்பாளர்கள் ஏற்பட்டார்கள். வீடு வீடாகப் போனபோது ஒவ்வொருவரும் எப்படி வாழ்கிறார் என்பது தெரியவந்தது. காசு வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது இப்படித்தான்.

படி 4: ஒன்றை நிறுத்துங்கள்

கடினமான படி இது. சபைகள் அதிகமாகத் தவிர்ப்பதும் இதுவே. புதிதாக ஒன்று தொடங்கினால் பழையதில் ஒன்று நிற்க வேண்டும், ஏனென்றால் ஊழியரின் நேரம் கூடுவதில்லை. நிறுத்துவது மோசமான ஊழியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. யோவான் 15-இல் கனி கொடுக்கிற கொடிதான் இன்னும் அதிகக் கனிக்காகச் சுத்தம்பண்ணப்படுகிறது. அப்போஸ்தலர் 6-இல் பந்திவிசாரணையும், அதாவது உணவு பரிமாறும் பொறுப்பும், நல்ல வேலைதான். அப்போஸ்தலர்கள் அதை வேறு ஏழு பேரிடம் ஒப்படைத்தார்கள். ஆகவே நிறுத்துமுன் 'வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாமா?' என்று கேளுங்கள். முடியாதென்றால் மூன்று மாதம் முன்பே முடிவுத் தேதியைச் சொல்லுங்கள். அதில் உழைத்தவர்களிடம் முதலில் நேரில் பேசுங்கள்; பிறகு ஆராதனையில் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியவந்தது என்றால் அந்தக் காயம் எளிதில் ஆறாது.

படி 5: 90 நாளுக்கு ஒருமுறை பாருங்கள்

மூன்று முன்னுரிமைகளையும் குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுங்கள். கட்டடப் பழுது முதலில் வந்தால் நேரம் முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

புதிய போதகர் வந்த முதல் வாரமே குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். நிறுத்தியவற்றின் பட்டியலையும் காரணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடேயே அவர் அவற்றை மறுபடி ஆரம்பித்துவிடுவார்.