இலைச்சாயம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு சாயம் சுற்றுச்சூழலுக்கு நல்லதாகிவிடாது. அதை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் அடுப்பு. எந்த இலையானாலும் தளதளவெனக் கொதிக்கவிடுவது பரவலான பழக்கம். எரிபொருள் வீணாவதோடு நிறமும் பல நேரம் மங்கிப்போகிறது. பெரும்பாலான இலைகளுக்கு 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் போதும். நிழலில் உலர்த்தி, நொறுக்கி, முந்தைய இரவே ஊறவைத்தால் அடுப்பு எரியும் நேரம் இன்னும் குறையும். மாவாக அரைத்துவிடாதீர்கள், வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும்.

நீலச் சாயம் தரும் அவுரிச் செடிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் பச்சை இலையில் நீலமே கிடையாது. இண்டிகன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. இலையிலேயே உள்ள நொதி அதை உடைக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே சாதாரண நீரில் ஊறவைத்துப் புளிக்கவிடுங்கள். அப்புறம் இலையை அகற்றி, நீரில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, காற்று கலக்கும்படி நன்றாக அடியுங்கள். அப்போதுதான் நீலம் உருவாகி அடியில் படியும். அளவுக்கு மீறி ஊறினால் இலை அழுகி, கிடைக்கும் நீலம் குறையும்.

பச்சை இலை பச்சைச் சாயம் தரும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. பச்சையம் நீரில் சரியாகக் கரையாது, வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். அதைக் கரைத்தெடுக்க மெத்தனால் என்ற சாராய வகையைத் தேடுகிறவர்கள் உண்டு. அது நச்சு, வேண்டாம்.

இரும்புப் பாத்திரம் துவர்ப்புள்ள இலைச்சாற்றைக் கருக்கச் செய்யும். எவர்சில்வர் போதும்.

என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு, நிறம் பிடிக்கவைக்கச் சேர்க்கும் உப்பில் நடக்கிறது. பளிச்சென்ற நிறத்துக்காகப் பொட்டாசியம் டைகுரோமேட்டையோ மயில்துத்தத்தையோ சேர்த்துவிட்டு, அதை இயற்கைச் சாயம் என்பது சரியல்ல. டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. மயில்துத்தத்தின் தாமிரம் மீன்களுக்கு நஞ்சு. படிகாரமே போதும், துணியின் எடையில் 10 முதல் 15 சதவீதம். அதற்கு மேல் போட்டால் மிச்சம் சாக்கடைக்குத்தான் போகும். பருத்தித் துணியென்றால் முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்துக்கொண்டால் படிகாரம் நன்றாகப் பிடிக்கும்.

படிகாரத்தை இலை வேகும் பாத்திரத்திலேயே கொட்டவும் கூடாது. வடிகட்டிய பிறகு சேர்த்தால், சக்கை சுத்தமாக இருக்கும். நேரே உரக்குழிக்குப் போகலாம்.