சொல்தாவின் துப்பாக்கியை அடையாளம் காண்பது எப்படி

புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொல்தாக்களின், அதாவது படைவீரர்களின், வீடுகளில், பதக்கச் சட்டகத்துக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு பழைய புகைப்படம் தொங்கும். தாத்தாவின் நினைவுகளை எழுதி வைக்க முனையும் பேரப்பிள்ளைகள், அதில் அவர் பிடித்திருக்கும் ஆயுதத்தை வெறுமனே 'துப்பாக்கி' என்று குறித்துவிட்டு நகர்வார்கள். இன்னும் சிலர் 'ஏகே 47' என்றே எழுதிவிடுவார்கள். பிரெஞ்சுப் படை அதைத் தன் வழக்கமான ஆயுதமாக ஒருபோதும் வழங்கியதில்லை. எந்தத் துப்பாக்கி என்பதைச் சரியாகக் கண்டுகொண்டால், அவர் எந்தக் காலத்தில் எவ்வகைப் போரில் நின்றார் என்பதும் பிடிபடும்.

முதலில் ஆண்டைப் பாருங்கள். லிவ்ரே மிலித்தேர் என்னும் சேவைக் குறிப்பேடு வீட்டில் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பிரான்சின் போ நகரிலுள்ள இராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாம். இந்தோசீனப் போர்க்காலத்தவரானால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட் என்னும் அடைப்புத் தண்டைக் கையால் இழுத்துச் சுடவேண்டிய, ஐந்து தோட்டா கொள்ளும் மாஸ் 36 அவரிடம் இருந்திருக்க வாய்ப்புண்டு. அல்ஜீரியப் போரின் பிற்பகுதி என்றால் பத்துத் தோட்டா கொள்ளும் மாஸ் 49/56, அல்லது மாட் 49 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கி. எண்பதுகளுக்குப் பிறகும் படையில் இருந்தவரானால் அது பெரும்பாலும் ஃபமாஸ் என்னும் பிரெஞ்சுத் துப்பாக்கிதான். இவற்றில் தாக்குதல் துப்பாக்கி என்ற பெயருக்கு உரியது ஃபமாஸ் மட்டுமே. ஏனெனில் நடுத்தர வலிமையுள்ள தோட்டா, கழற்றி மாட்டும் மகசின் என்னும் தோட்டாப் பெட்டி, ஒற்றையாகவும் தொடராகவும் சுடும் வசதி ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்திருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அடுத்து, கேள்வி கேட்பதற்கு முன் அவருடைய கைகளைக் கவனியுங்கள். முத்தியால்பேட்டையில் ஒரு சொல்தா மாமாவிடம், "எப்படி மாமா பிடிப்பீங்க?" என்று கேட்டபோது, அவர் மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துத் தோளில் வைத்தார். வலது கை விசைக்குப் போனது. இடது கை மேலே எழும்பி, மூக்குக்கு நேர் முன்னால் எதையோ பற்றிப் பின்னோக்கி இழுத்தது. "இங்கதான் இருக்கும் தம்பி, கைப்பிடிக்கு அடியில" என்றார். துப்பாக்கியின் பெயரை அவர் அதுவரை சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. சுடுவதற்கு முன் போல்ட்டைப் பின்னிழுக்கும் இழுபிடி மாஸ் 49/56இல் வலப்பக்கம் இருக்கும். மேலே, நீண்ட தூக்குப்பிடிக்குள் அது மறைந்திருப்பது ஃபமாஸில். நாற்பது ஆண்டுக்கு முன் படித்த பெயரை வாய் மறந்தாலும், ஆயிரம் முறை செய்த அசைவைக் கை மறப்பதில்லை என்பதால், பெயருக்கும் அசைவுக்கும் முரண் வந்தால் நான் அசைவையே நம்புவேன்.

புகைப்படத்தில் தேடவேண்டியது மகசின் இருக்கும் இடம். ஃபமாஸில் அது விசைக்குப் பின்னால், கன்னம் படியும் கட்டைக்கு அடியில் இருக்கும். சுடும் பொறி முழுவதையும் தோள்கட்டைக்குள் தள்ளிவிடும் இந்த அமைப்பைப் புல்பப் என்பார்கள். இதனால் குழலின் நீளம் 488 மி.மீ. இருந்தும் துப்பாக்கியின் மொத்த நீளம் 757 மி.மீ.தான், ஏறத்தாழ அதே குழல் நீளமுள்ள அமெரிக்க எம்16 ஒரு மீட்டரை ஒட்டி வரும். கவச வண்டிக்குள் எட்டுப் பத்துப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கதவு திறந்ததும் குதிக்கவேண்டிய காலாட்படைக்கு அந்த வேறுபாடு பெரியது. மேலே நீளும் தூக்குப்பிடியாலும் கட்டையான உருவத்தாலும் பிரெஞ்சு வீரர்கள் அதை 'கிளேரோன்', அதாவது ஊதுகொம்பு, என்று அழைத்தார்கள். இந்தச் சொல் பேச்சில் தற்செயலாக வந்தால் உங்கள் ஐயம் தீர்ந்தது.

பொறி வேலை செய்யும் விதத்தையும் ஓரளவு தெரிந்துகொண்டு போனால்தான் அவர் சொல்வது விளங்கும். ஏகே, இந்தியப் படையின் இன்சாஸ் போன்ற துப்பாக்கிகள் குழலிலிருந்து சிறிது வாயுவைத் திருப்பி, அதைக்கொண்டு பிஸ்டனைத் தள்ளுபவை. ஃபமாஸில் வாயுக்குழாயும் இல்லை, போல்ட்டைப் பூட்டும் அமைப்பும் இல்லை. வெடித்த தோட்டாவின் கூடு நேராகப் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது; ஆனால் போல்ட்டுக்கும் அதைச் சுமக்கும் கனமான பாகத்துக்கும் நடுவே ஒரு நெம்புகோல் குறுக்கே நிற்கிறது. ஏற்றத் துலாவின் குட்டைப் பக்கத்தை அழுத்தி நீளப் பக்கத்தை எழுப்புவது எவ்வளவு சிரமமோ, அவ்வளவு சிரமப்பட்டுத்தான் போல்ட் நகரமுடியும். அதற்குள் குண்டு குழலைவிட்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நடப்பதால் கூடு முரட்டுத்தனமாகப் பிடுங்கப்படுகிறது. பித்தளைக் கூடு அதைத் தாங்காமல் கிழியக்கூடும் என்பதால் பிரெஞ்சுக்காரர்கள் எஃகுக் கூடுள்ள 5.56 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். நினைவுப்பொருளாக வெற்றுக்கூடு எதையாவது அவர் வைத்திருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். எஃகானால் ஒட்டும், பித்தளை ஒட்டாது. வெடிக்காத தோட்டாவாக இருக்குமோ என்ற ஐயம் சிறிதளவு எழுந்தாலும் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதே முறை.

சுடும் முறையைப் பற்றிக் கேட்கும்போது விசைக்கூட்டுக்குள் உள்ள தெரிவுப்பிடியைக் குறிப்பிடுங்கள். அதில் மூன்று நிலைகள் உண்டு: எஸ் என்றால் பாதுகாப்பு, 1 என்றால் ஒற்றைச் சூடு, ஆர் என்றால் ரஃபால், அதாவது தொடர்ச்சூடு. நம் செய்தித்தாள்கள் ரஃபேல் என்று எழுதும் போர்விமானத்தின் பெயரும் இதே சொல்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் தோட்டா என்ற வேகத்தில் 25 தோட்டா மகசின் ஒன்றரை நொடியில் காலியாகிவிடும். ஆகவேதான் மூன்று தோட்டாவோடு நிறுத்தும் தனிப் பொத்தானைக் கட்டைக்கு அடியில் வைத்தார்கள். அவர் இடக்கையரா என்பதையும் கேளுங்கள். புல்பப் துப்பாக்கிகளில் வெற்றுக்கூடு முகத்தருகே வெளியேறும் என்பதால் இடக்கையருக்கு அது தொல்லை. ஃபமாஸில் போல்ட்டின் கூடிழுப்பானை மறுபக்கம் மாற்றி, கன்னக்கட்டையையும் திருப்பி வைத்தால் கூடு இடப்பக்கம் விழும். இடக்கைச் சொல்தா என்றால் இதைப் பற்றி ஒரு கதையாவது நிச்சயம் வைத்திருப்பார்.

போர்க்களச் செய்திகளை எழுதும்போது நாளையும் இடத்தையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். ஃபமாஸ் 1978இல் ஏற்கப்பட்டது. எண்பதுகளில் சாட், லெபனான், 1991இல் வளைகுடா எனப் பல களங்களைக் கண்டது. 1995 மே 27 அன்று சாராயேவோவின் விர்பன்யா பாலத்தில், பறிபோன காவல்நிலையை மீட்கப் பிரெஞ்சுக் கடற்காலாட்படையினர் துப்பாக்கிமுனையில் கத்தி பொருத்திப் பாய்ந்தனர், இருவர் உயிரிழந்தனர். 2008 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் உஸ்பின் பள்ளத்தாக்கில் பிரெஞ்சு வீரர் பத்துப் பேர் மாண்டனர். 2017 முதல் எச்கே 416 என்னும் ஜெர்மன் துப்பாக்கி ஃபமாஸின் இடத்துக்கு வரத் தொடங்கியது. ஆகவே 1962இல் ஃபமாஸ் ஏந்தியதாக ஒருவர் சொன்னால், மறுத்துப் பேசாமல் ஆண்டைத் தனியே குறித்துக்கொண்டு, குடையைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

எழுதும்போது அவர் வாயில் வரும் பிரெஞ்சுச் சொற்களைத் திருத்தாமல் அவர் ஒலிக்கும்படியே வைத்துக்கொள்ளுங்கள். மகசினை அவர் ஷார்ழேர் என்பார், தோட்டாவைக் கார்த்தூஷ் என்பார். பொருளை அடுத்த வரியில் தமிழில் கொடுத்தால் போதும்.