உறங்க மறுக்கும் வரைகலைச் சில்லு: லினக்ஸ் இயக்கியில் மின் மேலாண்மை வழுவைத் தேடும் முறை

இரண்டு ஜிபியுக்கள் (வரைகலைச் சில்லுகள்) கொண்ட மடிக்கணினியில், வேலை எதுவும் நடக்காதபோதும் விசிறி ஓயாமல் சுழன்று பேட்டரி விரைவாகக் குறைந்தால், தனி ஜிபியு உறங்குவதே இல்லையோ என்று ஐயுறலாம். இதைச் சோதிக்கப் பலரும் முதலில், கணினியின் பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை இயக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். மின்சாரம் துண்டிக்கப்பட்ட டி3கோல்ட் நிலையில் இருக்கும் சாதனத்தின் அமைவுப் பகுதியைப் படிக்க, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் முதலில் அதை எழுப்பியாக வேண்டும். ஆகவே நன்றாக உறங்கிக்கொண்டிருந்த ஜிபியுவும் விழித்திருப்பதாகவே தெரியும். அதற்குப் பதிலாக, சாதனங்களின் விவரங்களைக் கர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் அந்தச் சாதனத்தின் 'பவர்' கோப்புறைக்குள் இருக்கும் 'ரன்டைம் ஸ்டேட்டஸ்' கோப்பைப் படியுங்கள். அது வன்பொருளைத் தொடாமல், கர்னல் குறித்து வைத்திருக்கும் நிலையை மட்டும் சொல்லும்.

அதில் 'ஆக்டிவ்' என்றே தொடர்ந்து வந்தால், அருகிலுள்ள 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆட்டோ' இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆன்' என்றிருந்தால் உறக்கம் தடுக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்டி ஜிபியுக்களை இயக்கும் மென்பொருளான ஏஎம்டிஜிபியு இயக்கி 5000 மில்லிநொடி சும்மா இருந்த பிறகே ஜிபியுவை உறங்கவைக்க முயலும் என்பதால், சற்றுக் காத்திருந்து பார்ப்பது நல்லது. அதே அட்டையிலுள்ள எச்டிஎம்ஐ ஒலிச் சாதனம் விழித்திருந்தாலும் ஜிபியு உறங்காது.

இவை எல்லாம் சரியாக இருந்தால், பயன்பாட்டு எண்ணிக்கை, அதாவது சாதனம் எத்தனை இடங்களில் தேவைப்படுகிறது என்று கர்னல் வைத்திருக்கும் கணக்கு, எங்கோ குறைக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம். அது சுழியாகும்வரை சாதனம் தானாக உறங்காது. என் அனுபவத்தில் அதிக நேரத்தை விழுங்குவது இந்த வழுதான். பிஎம் ரன்டைம் கெட் சிங்க் என்ற செயற்கூறு, சாதனத்தை எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிடும். இயக்கியை எழுதியவர் பிழையைக் கண்டவுடன் அப்படியே திரும்பிவிட்டால், கூட்டியதைக் கழிக்க ஆளில்லாமல் ஜிபியு அதன்பின் தானாக உறங்கவே உறங்காது. கர்னல் 5.10இல் சேர்க்கப்பட்ட பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட், தோல்வியுற்றால் தானே எண்ணிக்கையைக் குறைத்துவிடும். ஆகவே பிழை கையாளும் வழிகளை ஒவ்வொன்றாகப் படித்து, பொருந்தும் இடங்களில் இதற்கு மாறுங்கள். எந்த இடத்தில் கூடியது, எங்கே குறையவில்லை என்பதை கர்னலின் நிகழ்வுகளைப் பதியும் கருவியான எஃப்டிரேஸில் 'ஆர்பிஎம்' (ரன்டைம் மின் மேலாண்மை) நிகழ்வுகளை இயக்கினால் வரிசையாகக் காணலாம்.

இதற்கு நேர்மாறான வழு, உறங்கும் ஜிபியுவை எழுப்பாமலே அதன் ரெஜிஸ்டரை (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தை) படிப்பது. படித்த மதிப்பின் 32 பிட்டும் 1 ஆக இருந்தால் முதலில் இதையே சந்தேகியுங்கள். வெப்பநிலையைக் காட்டும் கோப்பைப் படிக்கும்போது ஓடும் சிறு செயற்கூறுகளில் இது எளிதில் கண்ணுக்குத் தப்பும்.

கணினி முழுவதையும் உறங்கவைத்து எழுப்பும்போது திரை கறுப்பாகவே நின்றால், உறக்கத்தைப் படிப்படியாகச் சோதிக்க உதவும் 'பிஎம் டெஸ்ட்' கோப்பில் 'டிவைசஸ்' என்று எழுதிவிட்டு உறங்கவையுங்கள். ஃபர்ம்வேர் (வன்பொருளிலேயே பதிந்த மென்பொருள்) வரை போகாமல், சாதனங்களை மட்டும் உறங்கவைத்து 5 நொடிகளில் எழுப்பும் இந்தச் சோதனையிலேயே திரை வராவிட்டால், தேடலை இயக்கிகளின் ரெஸ்யூம் (எழுப்பும்) செயற்கூறுகளிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன், உறங்கும்போதும் செய்தி வெளியீட்டை நிறுத்தாமல் வைக்கும் 'நோ கன்சோல் சஸ்பெண்ட்' என்பதைக் கர்னல் கட்டளை வரியில் சேர்த்து, சீரியல் கேபிள் வழியாகப் பதிவைப் பிடியுங்கள். கறுத்த திரையில் அதைப் படிக்க முடியாது.