‘நெப்ராஸ்கா’வை மறுபடி கேட்பது எப்படி?

அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ அல்பத்தை ஒருமுறை போட்டுப் பார்த்து, ஒரே சோகமாக இருக்கிறதே என்று நிறுத்திவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1982 செப்டெம்பரில் வந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அமெரிக்காவின் தொழிற்சாலை ஊர்களையும் வயல் ஊர்களையும் பாடிய கிற்றார் இசையை ஹார்ட்லேண்ட் ரொக் என்பார்கள். அதற்குள் போக இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. திருகோணமலையில் றேடியோவும் அம்பிளிபயரும் திருத்துவது என் தொழில். அதனால் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த அல்பம் ஸ்டூடியோவில் பதிவானதல்ல. நியூஜேர்சியின் கோல்ட்ஸ் நெக்கில் ஒரு வாடகை வீட்டுப் படுக்கையறை. போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கசற் மெஷின், இரண்டு ஷுவர் எஸ்எம்57 மைக். அந்த மெஷினில் ஒலியைத் தனித்தனியாகப் பதியும் நான்கு தடங்கள் உண்டு. சாதாரணக் கசற்றின் இரண்டு மடங்கு வேகத்தில் நாடா ஓடும். குரலும் கிற்றாரும் முதலில் சேர்ந்து பதிவாகும். மிச்சத் தடங்களில் இன்னொரு கிற்றார், துணைக்குரல் என்று ஏதாவது ஏறும். தன் இசைக்குழுவுக்குக் காட்டத்தான் அவர் அப்படிப் பதிந்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் அந்தக் கசற்றில் இருந்தது வரவில்லை. உறைகூட இல்லாமல் காற்சட்டைப் பையில் கொண்டு திரிந்த அதே கசற்தான் அல்பமாக வெளிவந்தது.

ஆகவே, பாஸ் கூட்டாதீர்கள், ஈக்குவலைசரைத் தொடாதீர்கள். பின்னால் கேட்கும் மெல்லிய இரைச்சல் நாடாவின் இரைச்சல், அது இருக்கவேண்டும். இசைத்தட்டாக வெட்டும்போதும் ஒலியளவைக் குறைத்தே வெட்டினார்கள். அதனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தம் கூட்டினால் சரி. போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம். சுமாரான ஹெட்போன், அல்லது வீட்டில் கிடக்கும் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று போதும்.

நேரம் முக்கியம். மாலையில் எங்கள் ஊரில் பஸ் ஹோர்ன், ஓட்டோ, திருவிழாக் காலம் என்றால் கோயில் லவுட்ஸ்பீக்கர். இவற்றோடு இந்தக் குரல் போட்டியிடாது. இரவு பத்து மணிக்குப் பிறகு போடுங்கள். மொத்தம் பத்துப் பாட்டு, நாற்பத்தொரு நிமிடம். ஒழுங்கு மாற்றாமல், இடையில் எழும்பாமல் கேட்கவேண்டும். அதற்கு முன் பாட்டு வரிகளைத் தேடி ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்களைப் போல ஆங்கிலம் படித்துப் பழகியவர்களுக்கு அவர் வாய்க்குள் மெல்லும் சொற்கள் சட்டென்று பிடிபடாது. என் தங்கையின் மகன் வாசிக்காமல் வந்து உட்கார்ந்தான். மூன்றாவது பாட்டில் “மாமா, இன்னும் மேளம் தொடங்கேல்லையே?” என்றான். இந்த அல்பத்தில் மேளமே இல்லை. கதைதான் அதை நகர்த்துகிறது.

முதல் பாட்டு 1958இல் கொலைகள் செய்துகொண்டு போன சார்ல்ஸ் ஸ்டார்க்வெதரின் வாயால் சொல்லப்படுகிறது. குரலை உயர்த்தாமல் ஸ்ப்ரிங்ஸ்டீன் அதைப் பாடும் விதத்தைக் கவனியுங்கள். ‘ஜொனி 99’இல் மாவா என்ற ஊரில் கார்த் தொழிற்சாலை மூடப்படுகிறது, வேலை போனவன் குடித்துவிட்டு ஒருவரைச் சுடுகிறான், நீதிபதி தொண்ணூற்றொன்பது வருடம் கொடுக்கிறார். மாவாவில் ஃபோர்ட் ஆலை 1980இல் உண்மையாகவே மூடப்பட்டது. கந்தளாய்ச் சீனி ஆலை நின்றபோது அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த எங்களுக்கு இந்தப் பாட்டை யாரும் விளக்கத் தேவையில்லை.

‘ஹைவே பட்ரோல்மேன்’தான் என் மனதில் உச்சம். ஜோ பொலிஸ்காரன். தம்பி ஃபிராங்கி படைக்குப் போய்த் திரும்பியவன், அடிக்கடி வம்பில் மாட்டுகிறவன். கோதுமை விலை விழுந்து வயலை விட்டதால்தான் ஜோவே பொலிசில் சேர்கிறான். ஓர் இரவு தம்பி ஒருவனை அடித்துப் போட்டுவிட்டு ஓடுகிறான். அண்ணன் கனடா எல்லைக்குக் கிட்டவரை துரத்திப்போய், காரை ஓரம் கட்டி, தம்பியின் காரின் பின் விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூடப்பிறந்தவனைப் பிடிப்பதா, விடுவதா? இந்த ஊரில் அந்தக் கேள்வியோடு வாழ்ந்த வீடுகள் உண்டு. இந்தப் பாட்டு முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவதற்கு மட்டும் நான் அனுமதி தருவேன்.

அடுத்து வரும் ‘ஸ்டேட் ட்ரூப்பர்’இல் திடீரென்று ஓர் அலறல் வரும், ஹெட்போன் போட்டிருந்தால் தயாராக இருங்கள். நியூயோர்க்கின் சூயிசைட் என்ற இருவர் குழுவை அவர் விரும்பிக் கேட்டதன் தடம் அது. இரண்டாம் பக்கத்தில் ‘மை ஃபாதர்ஸ் ஹவுஸ்’ஐத் தவறவிடாதீர்கள்.

அல்பம் முடிந்தபின் அந்தக் காலத்துக்குள் போகலாம். ‘போர்ன் இன் த யு.எஸ்.ஏ.’ பாட்டையும் அவர் அதே வீட்டில் தனியாகக் கிற்றாரோடு பதிந்தார். அந்தப் பதிவு 1998இல் வந்த ‘ட்ராக்ஸ்’ தொகுப்பில் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், பிறகு குழுவோடு பாடி 1984இல் வந்த பெரிய சத்தத்தை. வியட்நாமிலிருந்து வந்து வேலையற்று நிற்பவனின் பாட்டு என்பது உடனே விளங்கும். அந்த வருடம் தேர்தல் கூட்டமொன்றில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் இவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். சில நாளில் பிட்ஸ்பர்க் மேடையில், ஜனாதிபதிக்கு என்னுடைய எந்த அல்பம் பிடிக்கும் என்று யோசிக்கிறேன், ‘நெப்ராஸ்கா’வாக இருக்காது என்ற கருத்தில் பேசிவிட்டு ஸ்ப்ரிங்ஸ்டீன் பாடியது ‘ஜொனி 99’.

அப்புறம் ஜோன் மெலன்காம்பின் ‘ஸ்கேர்க்ரோ’, 1985. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர். முதல் பாட்டில் வங்கிக் கடனில் வயல் ஏலம் போகிறது. தம்பலகாமத்துப் பக்கம் பெரும்போகத்துக்கு நகை அடகு வைத்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டுக் கதை. அவருடைய மேளக்காரர் கெனி அரொனொஃப் மேளத்தை எப்படி அடிக்கிறார் என்று கேளுங்கள். அறை முழுக்க அதிரும். அதே வருடம் செப்டெம்பர் 22இல் மெலன்காம்ப், பாடகர்கள் வில்லி நெல்சன், நீல் யங் ஆகியோருடன் சேர்ந்து விவசாயிகளுக்காக ஃபார்ம் எயிட் நிகழ்ச்சியையும் நடத்தினார். பொப் சீகரின் ‘நைட் மூவ்ஸ்’ (1976), டொம் பெட்டியின் ‘டாம் த டோர்பிடோஸ்’ (1979) இரண்டையும் பகலில், சமையல் செய்துகொண்டேகூடக் கேட்கலாம்.

‘நெப்ராஸ்கா’ பாட்டுகளைக் குழுவோடு வாசித்துப் பார்த்த பதிவுகளும் 2025இல் வெளிவந்துவிட்டன. அவற்றை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். முதலில் கேட்டால், கசற்றில் தனியாகப் பாடியவர் ஏதோ குறையாகப் பாடியதுபோலத் தோன்றும்.