கடல்நீர்த் தொட்டிக்குப் பாசி வடிகட்டி: இரண்டாவது முயற்சியில்தான் சரியாக வந்தது

எட்டு மாதமாக என் நைட்ரேட் சோதனைக் குப்பி ஒரே அடர்சிவப்பில் நின்றது, அதாவது தண்ணீரில் நைட்ரேட் மிக அதிகம். தண்ணீர் மாற்றினால் இரண்டு நாள் கொஞ்சம் வெளுக்கும், மூன்றாம் நாள் பழையபடி. கல் முழுக்கப் பச்சை மயிர்ப்பாசி. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கை சலித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. பாசி எப்படியும் வளரத்தான் போகிறது. கல்லில் வளராமல், நான் பிடுங்கி எறியக்கூடிய இடத்தில் வளர்ந்துவிட்டுப் போகட்டுமே.

பாசி வடிகட்டியின் சூட்சுமம் அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறது. தீனியோடு வரும் பாஸ்பேட்டுக்கும் போக்கிடம் இல்லை. வடிகட்டியில் வளரும் பாசி இரண்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டால் இரண்டும் தொட்டியை விட்டே வெளியேறிவிடும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் இருந்த வால்டர் ஏடி இதற்கு 1982-லேயே காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவருடையது ஆழமில்லாத தட்டில் அலை அலையாகத் தண்ணீர் அடிக்கும் வகை. வீட்டில் செய்ய எளிது அருவி வகைதான். மேலே நீளப் பிளவு போட்ட ஒரு குழாய், அதில் செருகிய பிளாஸ்டிக் வலை, வலையின் இரு பக்கமும் வழியும் தண்ணீர், இரு பக்கமும் விளக்கு.

தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது தொட்டித் தண்ணீர் வந்து விழுந்து திரும்ப மேலேறும் துணைத் தொட்டி, வைத்திருப்பவர்களுக்கான குறிப்பு இது. சம்ப் அமைப்பதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

முதலில் கணக்கு

தொட்டி எத்தனை லிட்டர் என்று பார்க்காதீர்கள், தினமும் எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்று பாருங்கள். உறைந்த தீனிக் கட்டி நாளுக்கு ஒன்று என்றால் சுமார் 77 சதுர செ.மீ. வலை, இரு பக்கமும் வெளிச்சம் படும்படி. நான் போடுவது இரண்டு கட்டி. அதனால் 12 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். பெரிதாக வைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். பட்டினி கிடக்கும் பெரிய வலையில் பாசி சரியாகப் பிடிக்காது.

தண்ணீர், வலையின் அகலத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் மணிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் விழ வேண்டும். எனக்கு 600 லிட்டருக்குச் சற்று மேல். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். அது தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. பம்போடு வரும் தாளில், உங்கள் உயரத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் பெரிய பம்ப்பாக வாங்கி தண்ணீரைக் கூட்டிக் குறைக்க ஒரு பந்து வால்வு (ball valve) போட்டுக் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

குழாயில் பிளவு

25 மி.மீ. பிவிசி குழாய், ஒரு முனையில் எண்ட் கேப். அந்த எண்ட் கேப்பைப் பசை போட்டு ஒட்டாதீர்கள், இறுக்கிச் செருகினால் போதும். பிறகு உள்ளே சுத்தம் செய்யக் கழற்ற வேண்டியிருக்கும்.

வளைந்த குழாயில் நேர்கோடு போட ஒரு வழி: இரும்பு எல் ஆங்கிள் ஒன்றைக் குழாய்மேல் கவிழ்த்து வைத்தால் அது தானாகவே குழாயோடு நேராக உட்காரும். அதன் ஓரமாக மார்க்கரை இழுங்கள். பிளவு வலையைவிட இரு முனையிலும் 3 மி.மீ. நீளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வலையின் ஓரங்களில் தண்ணீர் படாது. அகலம் 3 மி.மீ. கோட்டின் மேலேயே 3 மி.மீ. பிட்டால் வரிசையாகத் துளை போட்டு, துளைகளை ஆக்ஸா பிளேடால் இணைத்து, தட்டை அரத்தால் நிதானமாகச் சரிசெய்யுங்கள். வேகமாகச் சுழலும் வெட்டுக்கருவி பக்கமே போகாதீர்கள். வெட்டுகிற சூட்டில் பிவிசி உருகிப் பிசிறு பிசிறாகப் பிளவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் கண்ட இடத்தில் பீச்சும். அரைமணி நேரம் மிச்சம் என்று நினைத்து ஒரு குழாயை வீணடித்தவன் சொல்கிறேன்.

வலை: நான் விழுந்த இடம் இதுதான்

எம்ப்ராய்டரி போடப் பயன்படும் பிளாஸ்டிக் கேன்வாஸ்தான் வலை. கத்தரிக்கோலால் வெட்டலாம். நானும் வெட்டி, செருகி, பம்ப்பை ஓடவிட்டேன். மூன்று வாரத்தில் அழகான பச்சை. பத்துப் பேருக்குப் படம் அனுப்பினேன். நான்காவது வாரம் ஒரு காலையில் பார்த்தால் வலை மொட்டையாக நிற்கிறது. பாசி மொத்தமும் பாய் சுருண்டதுபோல் கழன்று சம்ப்பில் கிடந்தது, பாதி பம்ப் வாயில். அது அழுகி, குடித்த நைட்ரேட்டையெல்லாம் திரும்பக் கக்கிவிட்டது. குப்பி மறுபடி சிவப்பு.

விளக்கை மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். மறுபடி வளர்ந்தது, மறுபடி கழன்றது. இப்படியே இரண்டு மாதம். கடைசியில் காரணம் வலையிலேயே இருந்தது: வழவழப்பு. பாசிக்கு வேர் கிடையாது, பரப்பைக் கவ்விப் பிடித்துத்தான் நிற்க வேண்டும். கடையிலிருந்து வரும் கேன்வாஸ் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தாலும் பாசிக்கு அது கண்ணாடி மாதிரி.

ஆகவே உரசுங்கள். உப்புத்தாள் போதாது, அது மேலோட்டமாகக் கீறுவதோடு சரி. மரத்துக்குப் போடும் முரட்டு அரம் அல்லது ஆக்ஸா பிளேடின் பல் பக்கம். வலையைப் பலகைமேல் அழுத்திப் பிடித்து நீளவாக்கில், குறுக்குவாக்கில், மூலைவாக்கில், இரண்டு பக்கமும். பக்கத்துக்குப் பத்து நிமிடமாவது ஆகும். பூனை நாக்குபோல் இருந்தால் போதாது, கள்ளிச்செடிபோல் இருக்க வேண்டும். என் சோதனை: பழைய பருத்தித் துணியை மேலே வைத்து இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் இன்னும் உரச வேண்டும். துணி மாட்டிக்கொண்டு வலையும் கூடவே வந்தால் சரி. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உதிரும் பிளாஸ்டிக் தூளைக் கழுவிவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

உரசிய வலையைப் பிளவில் ஒரு சில மி.மீ. செருகி, இரண்டு கேபிள் டையால் குழாயோடு தொங்கவிடுங்கள். விளக்கு போடுவதற்கு முன்பே தண்ணீரை ஓடவிட்டு, இரு பக்கமும் திரைபோல் சீராக இறங்குகிறதா என்று பாருங்கள்.

விளக்கு

660 நானோமீட்டர் சிவப்பு எல்இடிதான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் மஞ்சள் சாயல் உள்ள வார்ம் ஒயிட். என் அளவு வலைக்குப் பக்கத்துக்கு 6 வாட் போதுமாக இருக்கிறது. வலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பாதி வெளிச்சம் சுவருக்குப் போகும், நான்கைந்து விரல்கடை போதும். முதலில் 9 மணி நேரம், பாசி பிடித்த பிறகு மெதுவாகக் கூட்டலாம். டைமரை இரவில் எரியும்படி வையுங்கள். தொட்டி விளக்கு அணைந்த பிறகு தண்ணீரின் பிஎச் இறங்கும், இரவில் வேலை செய்யும் பாசி அதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும்.

குழாயைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி வெளிச்சம் படாமல் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளவுக்குள்ளேயே பாசி வளர்ந்து அடைத்துவிடும். மின்கம்பி பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலேற வேண்டும். உப்புநீர் கம்பி வழியே ஓடி சுவிட்சுக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத வீட்டில் இதை மாட்டவே மாட்டாதீர்கள்.

காத்திருப்பதும் அறுப்பதும்

கல்லிலிருந்து கொஞ்சம் பாசியைக் கிள்ளி வலையில் தேய்த்துவிட்டால் சீக்கிரம் பிடிக்கும். முதலில் பழுப்பாகக் கொழகொழவென்று வரும், பயப்பட வேண்டாம், லேசாக அலசிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் பச்சை வரும். எண்ணெய்போல் கறுப்பாக வந்தால் தண்ணீரில் சத்து மிக அதிகம், அடிக்கடி சுரண்டுங்கள். மஞ்சளாக ரப்பர்போல் வந்தால் சத்துக்கு மிஞ்சிய வெளிச்சம், நேரத்தைக் குறையுங்கள்.

ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை வலையைக் கழற்றி, சிங்கில் வைத்து, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். நல்ல தண்ணீர் பட்டால் பாசியைத் தின்னும் கோப்பிபாட் பூச்சிகள் செத்துவிடும். மழமழவென்று ஆக்க வேண்டாம், அடியில் ஒரு பச்சைச் சாயம் மிஞ்சட்டும். அழகாக இருக்கிறதே என்று அறுக்காமல் விட்டால் அடிப்பாசிக்கு வெளிச்சம் கிடைக்காமல் செத்து, மேலே இருப்பதையும் இழுத்துக்கொண்டு விழும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் செய்த ஒருவருக்கு மின்சாரம் போனபோது சம்ப் நிரம்பித் தரையெல்லாம் தண்ணீர். என் தவறுதான், எழுத மறந்தேன். பம்ப் நின்றதும் குழாயிலும் வலையிலும் இருக்கும் தண்ணீர் கீழே இறங்கும், அதற்கும் சம்ப்பில் இடம் வேண்டும். எல்லாம் மாட்டியவுடன் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொருவர் சொன்னது: வால்வைக் கொஞ்சமாகத் திறந்து ஓட்டினாராம், வலையின் ஒரு பக்கம் மட்டும் நனைந்து மறுபக்கம் விளக்குச் சூட்டில் காய்ந்துவிட்டது. வால்வால் குறைத்தாலும், மேலே கணக்குப் போட்ட அளவு முழுதும் விழும்படி ஓடவிடுங்கள்.

ஸ்கிம்மரை (நுரை எழுப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) எடுத்துவிடலாமா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. நைட்ரேட் குப்பி இப்போது மஞ்சளில் நிற்கிறது, கல்லில் பாசி இல்லை. இருந்தாலும் நான் இன்னும் எடுக்கவில்லை.