கீனாய் ஆற்றில் சாக்கை சால்மன்: இரை தின்னாத மீனைத் தூண்டிலில் பிடிப்பது எப்படி?

அலாஸ்காவின் கீனாய் ஆற்றுக்கு ஜூலையில் முதல்முறை போகிறவர்கள் எந்த இரை நல்லது என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த இரையும் வேண்டாம். சாக்கை சால்மன் ஆற்றுக்குள் ஏறிவிட்டால் தின்பதை நிறுத்திவிடும். அதன் வயிறு சுருங்கிப் போயிருப்பதை அறுத்துப் பார்த்தால் தெரியும். எனவே இந்த மீனின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளாமல் வாங்கும் சாமான் எல்லாம் வீண்செலவு.

(நம்மூர்க் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்பது காலா மீன். இரண்டுக்கும் உறவில்லை.)

முதலில் மீனைப் பற்றி

பெண் மீன் கூழாங்கல் படுகையில் வாலால் அடித்துக் குழி பறித்துச் சில ஆயிரம் முட்டைகள் இடும். குளிர்காலத்தில் பொரியும் குஞ்சு, வயிற்றில் ஒட்டிய மஞ்சள்கருவைக் கரைத்துக்கொண்டே கல்லிடுக்கில் இருந்துவிட்டு வசந்தத்தில் மேலே வரும். மற்ற சால்மன்களிலிருந்து சாக்கை வேறுபடுவது இங்கேதான்: அதற்கு ஏரி வேண்டும். கீனாய் ஏரி, ஸ்கிலாக் ஏரி போன்றவற்றில் ஓரிரண்டு ஆண்டு வளர்ந்து, உடல் வெள்ளியாக மாறியதும் கடலுக்கு இறங்கும். அங்கே பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு. நெருக்கமான செவுள் முட்களால் நீரில் மிதக்கும் சிற்றுயிரிகளை வடிகட்டித் தின்பதே அதன் முக்கிய உணவு. பிறகு பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துத் திரும்பி வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும்.

தூண்டில்காரருக்கு இதிலிருந்து இரண்டு செய்திகள். ஒன்று, மீன் பசியோடு வரவில்லை. இரண்டு, கடலில் சேர்த்த கொழுப்பு மட்டுமே அதன் கட்டுச்சோறு. அதைச் சிக்கனமாகச் செலவழிக்க, நீரோட்டம் தணிந்த கரையோரமாகவே ஏறும். பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து அடி ஆழத்தில், தரையை ஒட்டி.

படி 1: நாளும் உரிமமும்

சாக்கை ஆண்டுக்கு இரண்டு வரவாக ஆற்றில் ஏறும். பிந்தைய வரவு ஜூலை இரண்டாம் பாதியில் உச்சத்தைத் தொடும். அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறை முகத்துவாரத்திலிருந்து 19ஆம் மைலில் சோனார் (ஒலி அலையால் நீருக்கடியில் பார்க்கும் கருவி) வைத்து மீன்களை எண்ணி, தினமும் வெளியிடுகிறது. எண்ணிக்கை ஒரே நாளில் 30,000ஐத் தாண்டினால் வேறு வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்பலாம். சோல்டாட்னா ஊர் சோனாருக்குச் சற்று மேலேயே இருப்பதால் அங்கே அதே நாளில் பலன் தெரியும். வெளியூர்க்காரர் 16 வயதானால் உரிமம் கட்டாயம். வழக்கமான வரம்பு நாளுக்கு 3 மீன். பருவத்தின் நடுவிலேயே அவசர ஆணையால் கூடும், குறையும். அன்று காலை பார்த்துவிட்டுப் போங்கள்.

படி 2: சாமான்

எட்டரை, ஒன்பது அடிக் கம்பு, 25 பவுண்டு தங்கூசி, 14 முதல் 28 கிராம் வரை நாலைந்து அளவில் ஈயக்குண்டு. குண்டுக்குக் கீழே மூன்று முதல் ஐந்து அடி நரம்பு, அதன் நுனியில் ஒற்றை முள். விலை கூடிய ஃப்ளூரோகார்பன் நரம்பு தேவையில்லை. பனியாற்று நீர் கலங்கலாக இருக்கும், மீன் நரம்பைப் பார்த்து மிரளாது. முள்ளில் 'ரஷ்யன் ரிவர் ஃபிளை' என்று விற்பதை மட்டும் வாங்குங்கள். அலங்காரமே இல்லாத சிறு மயிர்க்கொத்துதான், அது போதும். நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம்: மீனைப் பார்க்கவும், பக்கத்து ஆளின் ஈயக்குண்டிலிருந்து கண்ணைக் காக்கவும்.

படி 3: நிற்கும் இடம்

முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். இடுப்பளவு நீரில் நின்றால் மீன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கரைக்கும் உங்களுக்கும் நடுவே போய்க்கொண்டிருக்கும். கரைச் செடிகளையும் மிதிக்காதீர்கள். அதன் நிழலில்தான் கிங், கோஹோ என்ற மற்ற சால்மன்களின் குஞ்சுகள் ஒதுங்கும். அதற்காகவே இரும்புக் கம்பி நடைபாதையும் படிகளும் போட்டிருக்கிறார்கள்.

படி 4: வீச்சு (இதில்தான் எல்லோரும் தடுமாறுவது)

சாக்கை நீந்தும்போது வாயைத் திறந்து மூடிக்கொண்டே வரும். ஓட்டத்துக்குக் குறுக்கே போகும் நரம்பு அந்த வாய்க்குள் நுழைந்து, வழுக்கி, முள் வாயோரத்தில் மாட்ட வேண்டும். வேலை அவ்வளவே. ஆனால் குண்டின் எடை சரியில்லை என்றால் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் நடக்காது.

கம்பு நுனியிலிருந்து 12, 15 அடி நரம்பு மட்டும் விடுங்கள். சற்று மேலோட்டத்தில், கடிகாரத்தில் பத்து மணி காட்டும் திசையில் போடுங்கள். குண்டு தரையைத் 'தட், தட்' என்று விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே உருள வேண்டும். தட்டலே இல்லையென்றால் எடை போதாது, முள் மீனின் தலைக்கு மேலே போகிறது. சிக்கி நின்றால் எடை அதிகம். பத்தடி தள்ளி நின்றாலே ஓட்டம் மாறும், குண்டையும் மாற்றுங்கள். சோம்பல் கூடாது. இரண்டு மணித் திசைக்கு வந்ததும் கம்பைத் தாழ்வாக, கரைப் பக்கமாக இழுங்கள். வானத்தை நோக்கித் தூக்கினால் முள் வயிற்றிலோ துடுப்பிலோ குத்தும்.

வாயில் மாட்டாத மீனை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. உடனே விட வேண்டும். தலையை உதறாமல் கட்டை போல இழுத்துக்கொண்டு ஓடினால் பெரும்பாலும் வேறிடத்தில் குத்தியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டாமல் கம்பை நேராக நீட்டி, ரீலை இறுக்கி, நரம்பை அறுத்துவிடுங்கள். களைத்த மீனுக்கு மேலே ஏறத் தெம்பு இருக்காது.

படி 5: பிடித்த பின்

தலையில் ஓங்கி ஓர் அடி, உடனே செவுள் வளைவை வெட்டி ஐந்து, பத்து நிமிடம் குளிர்ந்த நீரில் தொங்கவிட்டு இரத்தத்தை வடியுங்கள். பிறகு ஐஸ். வடிக்காத மீன் மறுநாளே கவிச்சி அடிக்கும். உடல் சிவந்து தலை பச்சையான மீனை விட்டுவிடுங்கள். சதை வெளிறி மெத்தென்றிருக்கும், முட்டையிடப் போகும் மீனும் அதுதான். பச்சையாகத் தின்ன நினைத்தால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறைய வைத்த பிறகே. அனிசாக்கிஸ் புழு இருக்கும்.

பிற்சேர்க்கை: இதே முறை கீனாயோடு ரஷ்யன் ஆறு கலக்குமிடத்திலும் செல்லுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். செல்லும், ஆனால் அங்கே ஃபிளை மட்டுமே அனுமதி. முள் நுனிக்கும் தண்டுக்கும் இடைவெளி 3/8 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஈயக்குண்டு முள்ளிலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். முந்தைய வரவுக்கு ஜூன் 11 அன்று திறப்பார்கள். கரடிகள் அங்கே அதிகம். உணவுப் பையும் பிடித்த மீனும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். மீனை அறுத்தால் எலும்புக்கூட்டை முழுதாகப் போடாமல் துண்டு துண்டாக வெட்டி, வேகமாக ஓடும் நடு ஆற்றில் வீசுங்கள். கரையோரம் தேங்கினால் கரடி அந்த இடத்தை விட்டு நகராது.